கோபாலுவுக்கு, டயர் விஷயமாக

மன்னார்குடி
நவம்பர் 2025

அன்புள்ள கோபாலு,

இங்கே எல்லோரும் நலம். விமலாவின் முழங்கால் வலி அப்படியேதான். சம்பா நட்டாயிற்று, மழைதான் வந்தால் ஒரேயடியாக வருகிறது. வாத்தியார் திடமாக இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் உன்னைக் கேட்கிறார், அந்த சைக்கிளையும் சேர்த்து.

பொங்கலுக்குக் காரிலேயே வருவதாகவும், எட்டு வருஷமாகியும் டயர் புதுசு மாதிரி இருப்பதாகவும் போனில் பீற்றிக்கொண்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் புகுந்து உன் ஆபீஸ் கதையை ஆரம்பித்துவிடுவாய்.

போன மாதம் என் வண்டிக்கு நாலு டயரும் மாற்றினேன். சர்வீஸுக்கு விட்ட இடத்தில் மெக்கானிக் என்னைக் குனியச் சொல்லி, டயரின் பக்கவாட்டில் நகத்தால் கீறிக் காட்டினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ரோட்டில் உரசித் தேயும் பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறதே என்றேன். "பட்டனைப் பாக்காதீங்க சார், பிறந்த தேதியப் பாருங்க" என்றார். அதே பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2317 என்றால் 2017-இல் 23-ஆவது வாரம் செய்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் விவரம் தெரிந்தவரிடம் காட்டு, பத்து வருஷமானால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடு என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. சில கார் கம்பெனிகள் ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்கின்றன.

செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகியிருக்கிறதே என்று தெம்பாகத் தஞ்சாவூரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஏசி, காபி, டை கட்டிய பையன். ஆஃபர் என்று நாலு டயரை உருட்டி வந்தான். எண்ணைப் பார்த்தேன். இரண்டு இந்த வருஷத்துச் சரக்கு, இரண்டு 2023. "கோடவுன்ல நிழல்லதான் சார் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது" என்றான். நிழலில் ஒழுங்காக வைத்த டயர் அவ்வளவு சீக்கிரம் கெட்டுவிடாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நான் கண்டுபிடித்த பிறகா சொல்வது? ஆஃபர் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அத்தோடு விட்டானா? நைட்ரஜன் அடிக்கத் தனிக் காசு கேட்டான். வெளியே வீசும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான் தம்பி என்றேன். விமலா சட்டையைப் பிடித்து இழுத்தாள். காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். காபி நன்றாகவே இருந்தது.

அப்புறம் கும்பகோணத்தில் ஒரு சின்னக் கடை. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கமான தவம் முடித்துப் போய்ச் சேர்ந்தோம். உட்காரப் பழைய லாரி டயர், டீ எதிர்க்கடையில். ஆனால் அந்தப் பெரியவர் வேலை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். டயரை மாட்டுமுன் எண்ணை அவரே காட்டினார். சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் ஏற்றினார். ட்யூப்லெஸ் டயர் மாற்றும்போது வால்வும் புதுசு போட வேண்டுமாம், கேட்காமலே போட்டார். சக்கரம் அதிராமல் சுற்றுகிறதா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷினில் ஒரு வீலுக்கு மட்டும் எடை அதிகம் கேட்டது. வெயிட்டை ஒட்டிவிட்டுக் கையைத் தட்டியிருக்கலாம். மனுஷன் டயரை ரிம்மில் அரை வட்டம் திருப்பி மாட்டி, மறுபடி சுற்றவிட்டு, பாதி வெயிட்டில் முடித்தார். வேறு இடங்களில் மெஷின் கன்னை வைத்து டர்ரென்று நட்டை இறுக்கிவிடுவார்கள். நாளைக்கு நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்ற ஸ்பேனர் மேல் ஏறி நின்றாலும் அசையாது. இவர் எதிரும் புதிருமாக, க்ளிக் சத்தம் வரும் ஸ்பேனரால் கையாலேயே முறுக்கினார். சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் முடிந்ததும் தானே ஓட்டிப் பார்த்து, இடது பக்கம் இழுக்கிறது என்று திரும்ப மெஷினில் ஏற்றினார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வாங்க, நட்டைப் பார்த்துவிடுகிறேன், காசு வேண்டாம் என்றார். புது டயர் முதலில் கொஞ்சம் வழுக்கும், மழையில் மெதுவாகப் போங்க என்றும் விமலாவிடம் சொல்லி அனுப்பினார். என் மூஞ்சியைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிட்டார் போல.

பழைய டயரைக் கொல்லையில் போடலாம் என்று நினைத்தேன். தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளர்க்கவா என்றாள் விமலா. கடையிலேயே விட்டுவிட்டேன்.

சேதுவின் மச்சினனை உனக்கு நினைவிருக்கும். ஜூலையில் பைபாஸில் போகும்போது பின் டயர் வெடித்து, வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வாய்க்காலில் இறங்கிவிட்டது. உயிர் தப்பியதே பெரிது. அவன் மனைவிக்குத் தோளில் பிளேட் வைத்திருக்கிறார்கள், இன்னும் கையைத் தூக்க முடியவில்லை. பார்க்கப் போனேன். டயரில் பட்டன் அப்படியே இருந்ததே அண்ணே என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் வண்டியும் உன்னுடையது மாதிரிதான், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுப்பது.

அதனால் சொல்கிறேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே பார்க்கிங்குக்குப் போ. எண் வெளிப்பக்கம் முழுசாக இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், தொப்பையைப் பார்க்காமல் குனி. ஸ்டெப்னியையும் பார், அதற்கும் அதே வயசுதான். கஞ்சத்தனப்பட்டு இரண்டு மட்டும் மாற்றி முன்னால் போடுகிறேன் என்று ஆரம்பிக்காதே. இரண்டுதான் மாற்றுவதென்றால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். ஆனால் உன் வண்டிக்கு நாலும்தான், பேரம் இல்லை.

சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாக வருவாய் என்று நினைக்கிறேன். இருட்டுமுன் கும்பகோணம் தாண்டிவிடு, டிராக்டர்கள் பின் விளக்கில்லாமல் போகின்றன.

நாலு எண்ணையும் படம் பிடித்து அனுப்பு. அனுப்பாவிட்டால் தங்கச்சிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்வேன், சேது மச்சினன் கதை உட்பட. டயருக்குச் செலவு செய்ய மனசில்லை என்றால் மன்னை எக்ஸ்பிரஸில் வா, ஸ்டேஷனுக்கு என் வண்டியில் வந்து கூட்டிக்கொள்கிறேன். பொங்கலுக்கு அதில் டிக்கெட் கிடைத்துவிட்டால் வாத்தியார் சைக்கிளுக்கு நேர்ந்த கதிக்கு நானே பொறுப்பு ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
சந்திரன்

பி.கு.: விமலா காபிப்பொடி கேட்கிறாள், போன தடவை வாங்கி வந்தாயே அதே கடை. அரைக் கிலோ போதும்.