பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புலம்பெயர்ந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவச் சேவை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், காதுகேளாத ஒருவருக்குக் குடியேறிய நாட்டின் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினாலும், அவர் சொல்வது பல நேரங்களில் புரிவதில்லை. அப்போது உடன்வந்த மகனையோ மகளையோ மொழிபெயர்க்கச் சொல்லிவிடுகிறார்கள். கருப்பை நோயையும் வீட்டில் படும் அடியையும் ஒரு தாய் தன் பிள்ளையின் வாய்வழியே எப்படிச் சொல்வார்?

2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 25-ஆம் பிரிவு, முழு விவரமறிந்து, சுதந்திரமாகத் தரும் சம்மதத்தை வலியுறுத்துகிறது. புரியாத படிவத்தில் வாங்கும் கையெழுத்தை அத்தகைய சம்மதமாக ஏற்கவே முடியாது. நோயாளி அறிந்த மொழியையும் சைகையையும் முன்பதிவின்போதே கேட்டுப் பதிந்து, தகுந்த மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனைகள் தம் செலவிலேயே அமர்த்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்