வெளிச்சத்தை ரோட்டில் போடுங்கள்: சைக்கிள் ஹெட்லைட் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். டயரில் உரசும் டைனமோ, மிதித்தால் மினுங்கி நின்றால் அணைந்துபோகும் மஞ்சள் பல்பு என்று இருந்த காலத்திலிருந்து எங்களை மீட்டுக் கொண்டுவந்தவர்கள் நீங்கள்தான். எல்இடியும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்தபின் உள்ளங்கையில் அடங்குகிற விளக்கே ரோட்டைப் பளிச்சென்று காட்டுகிறது. தெருவிளக்கு இல்லாத பாதையிலும் இன்று துணிந்து போகிறோம். அதனால் வெளிச்சத்தைக் குறையுங்கள் என்று கேட்கப்போவதில்லை. இருக்கிற வெளிச்சத்தை ரோட்டில் விழ வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நல்ல பவர் உள்ள விளக்கு ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறோம். முன்னால் ஏதோ தெரிந்து, அது குழிதான் என்று புரிந்து, விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 12 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த ரோட்டில் வண்டி நிற்க இன்னும் எட்டு, ஒன்பது மீட்டர் வேண்டும். ஆக, 20 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெளிவாகத் தெரிந்தால்தான் அந்த வேகத்தில் போகலாம். ரோடு நனைந்திருந்தால் அந்தத் தூரமும் போதாது. இறக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

ஆனால் 20 மீட்டர் தள்ளி ரோட்டைக் காட்டுவது வெறும் பவர் விஷயம் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். 5 மீட்டரில் விழுகிற வெளிச்சம் அதே அளவில் 20 மீட்டரிலும் விழ வேண்டுமானால், அந்தத் திசைக்குப் பதினாறு மடங்கு ஒளியை அனுப்ப வேண்டும். பக்கத்துக்குக் கொஞ்சம், தூரத்துக்கு நிறைய, அதற்கும் மேல்நோக்கி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை: சைக்கிள் விளக்கின் ஒளி இப்படித்தான் பிரிய வேண்டும். இதில் பெரும்பங்கு, விளக்குக்குள் ஒளியைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டருக்கும் லென்ஸுக்கும்தான்.

உங்களில் பலர் விற்பதோ டார்ச் லைட்டுக்கு உரிய வட்ட ஒளி. அதை எப்படிச் சாய்த்து வைப்பது, சொல்லுங்கள். கீழே சாய்த்தால் முன்சக்கரத்துக்கு எதிரே வெள்ளையாக ஒரு திட்டு விழுகிறது. கண் அந்தத் திட்டுக்குப் பழகிக்கொள்வதால் அதற்கு அப்பால் இருக்கும் ரோடு முன்பைவிட இருட்டாகிவிடுகிறது. சரி, கொஞ்சம் தூக்கி வைப்போம் என்றால் வட்டத்தின் மேல்பாதி மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகிறது. நாங்கள் ஏற்றிய சார்ஜில் பாதி இப்படி வீணாகிறது, அதுவும் அடுத்தவரைக் குருடாக்கிவிட்டு.

அந்த அடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காரும் லாரியும் மட்டும் எங்களுக்கு எதிரே வருவதில்லை. சைக்கிள் பாதையில் இரண்டு, மூன்று மீட்டர் இடைவெளியில் இன்னொரு சைக்கிள்காரர் வருகிறார், கையில் விளக்கே இல்லாமல் நடப்பவர் வருகிறார். நடப்பவருக்குத் துணை இருட்டுக்குப் பழகிய அவர் கண் மட்டுமே. அப்படி முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி வெளிச்சம் போதும். நாம் கடந்துபோன பிறகு, கண்ணுக்குள் மிதக்கிற திட்டோடு, கால் வைக்கும் இடம் தெரியாமல் அவர் நிற்கிறார். வயதானவர் என்றால் பார்வை தெளிய இன்னும் நேரம் பிடிக்கும். கண்ணின் லென்ஸ் மங்க மங்க ஒளி உள்ளேயே சிதறும், கூச்சமும் கூடும். காரில் வருகிறவர் எதிர்வண்டியைப் பார்த்து டிம் அடிக்கிறார். எங்களில் பலருடைய விளக்கில் டிம் என்று ஒன்றே கிடையாது.

இதற்கு வழி இல்லையா என்றால், எப்போதோ வந்துவிட்டது. ஜெர்மனியின் வாகன அனுமதி விதிகளில் 67ஆம் பிரிவு சைக்கிள் விளக்குகளுக்கென்றே இருக்கிறது. முன்விளக்கு மற்றவர் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது, மின்னக்கூடாது என்கிறது அது. அங்கே அங்கீகாரம் பெறுகிற விளக்கு, 10 மீட்டர் தள்ளி மிகப் பிரகாசமாக விழும் இடத்தில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும். லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதன் அளவு. பௌர்ணமி நிலவு தரையில் அரை லக்ஸ்கூடத் தருவதில்லை என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் 10 லக்ஸ் எவ்வளவு என்று புரியும். அப்படிப்பட்ட விளக்கைச் சுவருக்கு எதிரே பிடித்தால் ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். அவற்றில் சிலவற்றில் எல்இடி எதிரே வருகிறவருக்குத் தெரியாதபடி ரிஃப்ளெக்டரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். சக்கரத்தின் நடுவில் பொருத்தும் ஹப் டைனமோவின் திறன் வெறும் 6 வோல்ட், 3 வாட்தான். அதைக்கொண்டே ஊர் ஊராக இரவுப் பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒளியை ஒழுங்காக வெட்டி அனுப்பினால் 3 வாட்டிலேயே இவ்வளவு நடக்கிறது. உங்கள் 10 வாட்டை அப்படி அனுப்பினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

விளக்கைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்லும் விளம்பரங்களையும் பார்க்கிறேன். காட்டுப் பாதையில் வளைவுக்குள் எட்டிப் பார்க்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதையே முதல் விளக்காக விற்காதீர்கள். ஹேண்டில்பார் விளக்கு கண்ணைவிடத் தாழ இருப்பதால் குழியின் இந்தப்பக்க விளிம்பு உள்ளே கறுப்பாக ஒரு நிழல் போடும். கல்லுக்குப் பின்னாலும் வால்போல் நிழல் நீளும். தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படுவது அந்த நிழல்தான். விளக்கு கண்ணுக்கு மேலேயே இருந்தால் ஒளி போகும் கோடும் பார்க்கும் கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகி, நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ரோடு சப்பையாகத் தெரியும், அரையடிக் குழிகூடப் பழைய தார் ஒட்டுபோல இருக்கும். போதாததற்கு, தலை திரும்புகிற பக்கமெல்லாம் இருப்பவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கும்.

அப்புறம், பெட்டியில் அச்சிடும் எண்கள். லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிவருகிற மொத்த ஒளி. ரோட்டில் எங்கே எவ்வளவு விழுகிறது என்று அது சொல்லாது, லக்ஸ்தான் சொல்லும். ஆனாலும் 800, 1200, 2000 என்று லூமெனிலேயே போட்டி போடுகிறீர்கள். எரியும் நேரமும் இப்படித்தான். டார்ச்சுகளுக்கென்று 2009இல் வந்த அமெரிக்கத் தரமான ஆன்சி எஃப்எல்1, விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளக்கச் சொல்கிறது. ஆனால் எரியும் நேரத்தை, வெளிச்சம் பத்தில் ஒன்றாகக் குறையும்வரை கணக்கிட அனுமதிக்கிறது. இந்த முறைப்படி ‘1000 லூமென், 3 மணி நேரம்’ என்று எழுதினாலும், மூன்றாவது மணி நேரத்தின் முடிவில் 100 லூமென்தான் மிஞ்சியிருக்கும். இந்த விளக்குகளில் வரும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி இருக்கும். 1000 லூமெனுக்குச் சுமார் 8 முதல் 10 வாட் வேண்டும். ஒரே பேட்டரியை வைத்து அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதே கஷ்டம் என்று நாங்களும் கணக்குப் போடுவோம். எந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று ஒரு வரைபடத்தைப் பெட்டியில் போடுங்கள். 10 மீட்டரில் எத்தனை லக்ஸ் என்று எழுதுங்கள். இருட்டு ரோட்டில் ஒளி விழுகிற விதத்தைக் காட்டும் உண்மையான புகைப்படம் ஒன்றும் வேண்டும்.

பேட்டரி தீரும்போது திடீரென்று அணைகிற விளக்கு ஆபத்தானது. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது அணைந்தால், கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் என்னவும் நடக்கலாம். படிப்படியாகக் குறைந்து, கடைசியில் மெல்லிய வெளிச்சத்திலாவது ஒரு மணி நேரம் நிற்கும்படி செய்யுங்கள். சூடேறினால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் விளக்கும் அதே மாதிரி மெதுவாகக் குறைக்கட்டும்.

பட்டன் விஷயம் என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. ஹை, மீடியம், லோ, அப்புறம் படபடவென்று மின்னுகிற ஸ்ட்ரோப், எல்லாம் ஒரே பட்டனில். எதிரே ஆள் வருகிறார் என்று நல்லெண்ணத்தோடு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, அவர் போனதும் ஹைக்குத் திரும்ப அழுத்தினால் நடுவில் ஸ்ட்ரோப் வந்து அடுத்து வருகிறவர் முகத்தில் வெட்டுகிறது. வேகமாக மின்னுகிற ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. அந்தப் பாதிப்பு இல்லாதவர்களும் இருட்டில் மின்னுகிற விளக்கு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்கத் திணறுவார்கள். பகலில் கவனத்தை ஈர்க்க அது வேண்டுமென்றால் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மட்டும் வரட்டும். டிம்முக்குத் தனி பட்டன் வையுங்கள், அதுவும் கட்டைவிரல் எட்டும் இடத்தில், ஹேண்டிலிலிருந்து கையை எடுக்காமலே அழுத்தும்படி.

மாட்டுகிற கிளாம்பும் முக்கியம். ரப்பர் பட்டையில் இழுத்துக் கட்டிய விளக்கு நாலு குழியில் ஏறி இறங்கினால் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஒழுங்காக வெட்டிய ஒளியும் அப்போது எதிரே வருகிறவர் கண்ணுக்குத்தான் போகும். ஸ்குரூ போட்டு இறுக்குகிற உலோகக் கிளாம்பைக் கொடுங்கள். 10 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழ வேண்டும் என்று கையேட்டில் படம் போட்டுச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் மேலே என்பதையும் விளக்கின் உடம்பிலேயே பொறித்துவிடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டால் வெட்டிய ஒளி வானத்தைப் பார்க்கும் என்பது வாங்குகிற பலருக்குத் தெரிவதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலம் கலந்த குளிர்வெள்ளை அதிகப் பிரகாசமாகத் தோன்றுவதால் அதையே தருகிறீர்கள். அதே அளவு ஒளி இருந்தாலும் நீலம் கூடினால் எதிரே வருகிறவருக்குக் கூச்சமும் கூடும். 4000 கெல்வினை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) ஒட்டிய இளஞ்சூடான வெள்ளையிலும் அதே மாடலை விற்றால் என்னைப் போன்றவர்கள் தேடி வந்து வாங்குவோம், கொஞ்சம் லூமென் குறைந்தாலும் பரவாயில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது என்று தெரியும். மேல்விளிம்பு வெட்டிய ஒளிக்குப் புது வார்ப்பு அச்சு வேண்டும், செலவு ஆகும். ஸ்ட்ரோப்பைப் பட்டன் வரிசையிலிருந்து எடுக்க மென்பொருளில் சில வரிகளை மாற்றினால் போதும். அடுத்த தொகுதியிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
இரவில் சைக்கிள் ஓட்டும் ஒருவன்