வடசேரி பஸ் ஸ்டாண்டில் சந்தித்த ஐயாவுக்கு

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடிந்து மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு நின்றபோதும், கரகரத்த தொண்டையோடு பாடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "மக்கா, தொண்டைய கொஞ்ச நாள் சும்மா விடு" என்றீர்கள்.

அப்புறம் மானுவல் கார்சியாவைப் பற்றிச் சொன்னீர்கள். 1805இல் பிறந்த ஆப்பெரா பாடகர். இளம் வயதிலேயே மேடையை விட்டுக் குரல் ஆசிரியரானவர். 1841இல் ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் குரல் கெட்டுப்போய்ப் பாரிஸில் அவரிடம் வந்தபோது, முதலில் பாடவே கூடாது என்று ஓய்வு கொடுத்து, பிறகுதான் பாடம் தொடங்கினாராம். 1854இல் சிறு கண்ணாடியும் சூரிய வெளிச்சமும் வைத்துத் தன் குரல் நாண்களையே பார்த்தவர். 101 வயது வரை வாழ்ந்தார். இவ்வளவு பெரிய வாத்தியாரே பாடாதே என்றாரா! அதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே பாடகர் குழுவில் விடுப்பு சொன்னேன். தொண்டை மருத்துவரும் நாண்களில் வீக்கம், பேச்சையே குறையுங்கள் என்றார். கிறிஸ்துமஸுக்குப் பாட முடியாதது பெரிய வருத்தம்தான். ஆனால் ஈஸ்டர் காலை ஆராதனையில் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரல் வரிசையில் நின்று முழுக்கப் பாடினேன் ஐயா. நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ரொம்ப நன்றி.