வலையைச் சுருட்டியாயிற்று, கூண்டுகளை எப்போது?

வடக்கு அட்லாண்டிக் சால்மன் பாதுகாப்பு அமைப்பின் உறுப்பு அரசுகளுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பரில் அட்லாண்டிக் சால்மன், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் அச்சுறு நிலையை அண்மித்த இனமாயிற்று. 2006 முதல் 2020 வரை அதன் எண்ணிக்கை 23 சதவீதம் சரிந்திருந்தது. அடுத்த கோடையில், கடலிலிருந்து மீன் திரும்பி வராததால் நார்வே 33 ஆறுகளில் மீன்பிடிப்பை நிறுத்தியது. நிறுத்தியது சரிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தூண்டில்காரரும் வலைக்காரரும் மட்டும்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

உங்கள் உடன்படிக்கை 1983-இல் நடைமுறைக்கு வந்ததும் ஆழ்கடலில் சால்மன் பிடிப்பு பெரும்பாலும் நின்றது. நல்ல முடிவு. பிடிப்பு குறைந்தது, மீன் பெருகவில்லை. கடல் சூடாவதற்கு இதில் பெரும் பங்கு உண்டு, அதை எந்த அரசும் தனியாகச் சரிசெய்ய முடியாது. நான் கேட்பது உங்கள் கைக்கு எட்டியதை.

ஆற்றில் பிறந்து கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சு உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அது போகும் வழியெங்கும் சால்மன் பண்ணைகளின் வளர்ப்புக் கூண்டுகள். நார்வேயில் ஒரே கூண்டில் 2 லட்சம் மீன் வரை வளர்க்கலாம். அந்த மீன்களின்மேல் பெருகும் கடல்பேன் என்ற ஒட்டுண்ணி, அந்தக் குஞ்சின் மேலும் ஏறிச் சளியையும் தோலையும் தின்கிறது. தோல் புண்ணானால் உடலின் உப்பு அளவு குலைந்துவிடும். பெரிய மீன் தாங்கிக்கொள்ளும். குஞ்சின்மேல் பத்துப் பேனுக்கு மேல் ஏறினால் பிழைப்பது அரிது. கூண்டு கிழிந்தாலோ, தப்பிய வளர்ப்பு மீன் ஆறேறி, ஆற்றில் பிறந்த மீனோடு கலக்கிறது. அந்தந்த ஆற்றுக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த மரபு அதனால் கெடுகிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் திறந்த வலைக் கூண்டுகளை 2029 ஜூன் இறுதிக்குள் நிறுத்துவதாகக் கனடா 2024-இல் அறிவித்தது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அதே கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் அப்படியொரு கெடு இல்லை. பசிபிக் கரைக்கு ஒரு நியாயம், அட்லாண்டிக் கரைக்கு வேறொன்றா?

மீனின் வழியிலுள்ள தடையை நீக்கினால் மீன் வரும் என்பதற்குச் சான்று உங்கள் உறுப்பு நாடான அமெரிக்காவிலேயே இருக்கிறது. யூரோக், கருக் பழங்குடி மக்கள் பல்லாண்டு போராடியதன் பலனாகக் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024 அக்டோபருக்குள் இடிக்கப்பட்டன. அந்த மாதமே பசிபிக் இனமான சினூக் சால்மன், நூறாண்டுக்கும் மேலாக எட்ட முடியாதிருந்த ஓரிகன் ஓடைக்கு ஏறிவந்தது.

ஜூனில் கூடும் உங்கள் ஆண்டுக் கூட்டத்தில், திறந்த கூண்டுகளை மூடிய தொட்டிகளுக்கு மாற்றும் கெடுவை நாடு நாடாக அறிவியுங்கள். அதுவரை, குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வாரங்களில் கூண்டுகளின் பேன் எண்ணிக்கையையும், தப்பிய மீன்களின் கணக்கையும் வாராவாரம் வெளியிடுங்கள். நாட்டு மொத்தமாக வேண்டாம், ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனியாக.

இப்படிக்கு,
சால்மன் ஆறுகளின்மேல் அக்கறையுள்ள ஒருவர்