பென்சில் கோடு போடாமல் திருப்பாதே

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலமறிய ஆவல். அறுபதைத் தாண்டிய பிறகும் உன்னை மாப்பிள்ளை என்று எழுதுவதைப் பார்த்தால் உன் பேரன் சிரிப்பான், சிரிக்கட்டும். உன் கடிதத்தை நேற்று மதியம் கடையில் வைத்தே இரண்டு முறை படித்தேன். வீட்டில் இருக்கும் 43 அங்குல டிவியில் ஆறு மாதமாகப் படம் நீலம் பாரித்துத் தெரிகிறது என்றும், பேரன் ஏதோ வீடியோவைப் பார்த்து ரிமோட்டில் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தி உள்ளே ஒளிந்திருக்கும் சர்வீஸ் மெனுவைத் திறந்துவிட்டான் என்றும், அதில் நீலத்துக்கென்று ஓர் எண் இருப்பதால் அதைக் குறைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய்.

குறைக்காதே. இந்த ஒரு சொல்லுக்காகப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ ‘சரி’ என்பாய். சாயங்காலம் பேரன் வந்து நின்றதும் ரிமோட்டைக் கையில் கொடுத்துவிடுவாய். ஆகையால் காரணத்தோடு எழுதுகிறேன்.

நாம் இருவரும் தொழில் பழகிய காலத்தை நினைத்துப் பார். 1982 ஆகஸ்டில் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறி, சாலிடேரும் டயனோராவும் கடை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. போர்டின் மேல் படத்தைச் சரிசெய்யத் திருப்பும் சின்னத் திருகுகள், அதாவது ப்ரீசெட்டுகள், பத்து இருபது வரிசையாக நிற்கும்; சிலவற்றின் தலையில் தொழிற்சாலையிலேயே சிவப்புப் பூச்சு வைத்து அசையாதபடி அடைத்திருப்பார்கள். அந்தப் பூச்சை நீ ஒரு நாள் பிளேடால் சுரண்டியதும், முதலாளி பின்னால் வந்து நின்று தலையில் குட்டியதும் எனக்கு மறக்கவில்லை. எந்தப் ப்ரீசெட்டைத் தொட்டாலும் அது நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் திருப்ப வேண்டும் என்பது அவர் கடையின் சட்டம். திருப்பிப் பார்த்துப் பயன் இல்லையென்றால் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு வேறு இடத்தில் கோளாறைத் தேட வேண்டும்.

நீ மின்வாரிய வேலைக்குப் போன பிறகு, தொண்ணூறுகளில், அந்தப் ப்ரீசெட்டுகள் எல்லாம் எட்டுக் கால் கொண்ட ஒரு சின்ன மெமரி ஐசிக்குள் எண்களாகப் போய் உட்கார்ந்துவிட்டன. 24சி08 போன்ற ஐசிகள் எத்தனையை நான் மாற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. படத்தின் உயரம், அகலம், மூலை வளைவு, மூன்று நிறங்களின் அளவு என்று அனைத்தும் அதற்குள் இருக்கும். அவற்றைத் திருத்துவதற்கு மெக்கானிக்குகளுக்கென்று வைத்த வாசல்தான் சர்வீஸ் மெனு. டெஸ்டர் வேண்டாம், பின்மூடியைக் கழற்ற வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை முடியும் என்ற வசதி வந்தது. பென்சில் கோடு போட இடம் இல்லாமலும் போயிற்று. எண்ணை மாற்றிய மறுகணமே பழைய எண் அழிந்துவிடும், அது எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை.

இதில் முதலில் சூடுபட்டவன் நான்தான். ஒரு 21 அங்குலப் பிக்சர் டியூப் செட்டில் படம் கீழே இரண்டு விரற்கடை சுருங்கியிருந்தது. மழை நாள், கடையில் கூட்டம், அவசரம். மெனுவுக்குள் போய் உயரத்தின் எண்ணை ஏற்றினேன், திரை நிரம்பியது, காசையும் வாங்கிக்கொண்டேன். உண்மையில் படத்தின் உயரத்தைக் கவனிக்கும் வெர்டிகல் பகுதியில் ஒரு கண்டன்சர் காய்ந்துகொண்டிருந்தது. சுருங்கிய படம் அந்தக் கோளாறின் அறிகுறி. நான் அறிகுறியை மட்டும் மறைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து நடுவில் ஒற்றை வெள்ளைக் கோட்டோடு செட் திரும்பி வந்தது. கண்டன்சரையும் ஐசியையும் மாற்றிய பிறகு படம் திரைக்கு வெளியே வழிந்தது, ஏனென்றால் நான் ஏற்றிய எண் உள்ளே அப்படியே நின்றது. பழைய எண் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரம் வட்டமாகத் தெரியும் வரை கண்ணால் பார்த்துப் பார்த்து அரை நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். டியூப் காலம் என்பதால் அதோடு தப்பித்தேன்.

இன்றைய எல்இடி டிவியில் அப்படித் தப்பிக்க முடியாது. அந்த மெனுவில் நிறமும் ஒளியும் மட்டும் இல்லை. மெயின் போர்டுக்கு ‘உன்னோடு கட்டியிருப்பது இந்தப் பேனல்தான்’ என்று சொல்லும் எண்ணும் அங்கேதான் இருக்கிறது. பேனல் என்றால் படம் காட்டும் திரைத் தகடு. ஒரே போர்டைப் பல அளவு டிவிகளுக்கும், பல நிறுவனப் பேனல்களுக்கும் பொருத்தும்படி செய்துவிட்டு, கடைசியில் ஓர் எண்ணால் அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் மாறினால் போர்டு வேறு பேனலுக்கு உரிய வரிசையில் படத்தை அனுப்பும். படம் தலைகீழாகலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறலாம், பழைய ஃபிலிம் நெகட்டிவைப்போல் நிறம் புரளலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். ஒன்றும் வராதபோதுதான் உண்மையான சங்கடம். தவறைத் திருத்த வேண்டிய மெனுவும் அதே திரையில்தானே தெரிய வேண்டும்?

போன கோடையில் இப்படி ஒரு 32 அங்குல டிவி வந்தது. பக்கத்துத் தெருப் பையன், நல்ல படிப்பாளி. படம் கொஞ்சம் மங்கல் என்று உள்ளே போயிருக்கிறான். பேனல் என்று எழுதியிருந்த வரியில் வலது பொத்தானை ஒருமுறை தட்டியிருக்கிறான். டிவி தானே அணைந்து, தானே எழுந்து, செய்தி வாசிப்பவரைத் தலைகீழாகக் காட்டியது. பதறிப்போய் மறுபடி உள்ளே போய் இன்னும் நாலைந்து முறை தட்டியதில் திரை கறுத்துவிட்டது. என்னிடம் வந்தபோது சத்தம் நன்றாக இருந்தது, திரைக்குப் பின்னால் ஒளி தரும் பேக்லைட் விளக்கும் எரிந்தது. படம் மட்டும் இல்லை.

பின்மூடியைக் கழற்றிப் பேனலின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டேன். அதே மாடல் டிவி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரைக் கெஞ்சி அவருடையதைக் கடைக்கு வரவழைத்தேன். மாடல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பேனல் வேறாக இருப்பது உண்டு என்பதால் அதையும் கழற்றிச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். நல்ல வேளையாக இரண்டும் ஒன்று. நல்ல டிவியில் மெனுவைத் திறந்து, எதையும் மாற்றாமல், எத்தனை முறை கீழே, எங்கே ஓகே, பேனல் பட்டியலில் அந்த எண் எத்தனையாவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். பிறகு அதை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். இல்லையென்றால் இரண்டு டிவியும் ஒரே ரிமோட்டுக்கு ஆடி இரண்டுமே கெட்டிருக்கும்.

அடுத்துக் குருட்டு வேலை. கறுத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பையன் தாளைப் பார்த்து எண்ண, நான் பொத்தானை அழுத்தினேன். அவன் எந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான் என்பது அவனுக்கே தெரியாது. அந்தப் பட்டியல் சுற்றி வராமல் முதல் எண்ணோடு நின்றுவிடும் வகை என்பது எங்கள் நல்ல காலம். இடது பொத்தானை முப்பது தடவை அழுத்தி முதலுக்கே கொண்டுபோய், அங்கிருந்து எண்ணி வந்தேன். முதல் தடவை எங்கோ ஓர் அழுத்தம் தவறிவிட்டது. இரண்டாவது தடவை தலைகீழ்ப் படம் வந்தது. அதைப் பார்த்து நாங்கள் இருவரும் மகிழ்ந்த மகிழ்ச்சி இருக்கிறதே! தலைகீழாக இருந்தால் என்ன, மெனு கண்ணுக்குத் தெரிகிறதே. கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு மீதியை முடித்தேன். அதே மாடல் கிடைக்காமல் போயிருந்தால் மெமரி ஐசியைப் பிரித்தெடுத்து, ப்ரோகிராமர் என்ற எழுதும் கருவியில் வைத்து, பொருத்தமான ஃபைலைத் தேடி எழுத வேண்டியிருந்திருக்கும். ஃபைல் கிடைக்காவிட்டால் போர்டையே மாற்ற வேண்டும். ஒரே ஒரு தட்டலுக்கு.

இப்போது உன் டிவிக்கு வருகிறேன். பேனலுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் வெள்ளை எல்இடிகள் உண்மையில் வெள்ளை இல்லை. உள்ளே இருப்பது நீல எல்இடி. அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பதால் இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. வருடக்கணக்கான சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுப்போனால் அடியில் இருக்கும் நீலம் வெளியே கசியும். உன் படம் நீலம் பாரித்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். நோய் விளக்கில் இருக்கும்போது மெனுவில் நீலத்தின் எண்ணைக் குறைத்தால், பேனல் நீல ஒளியை அதிகமாக மறைக்கும். நிறம் சற்றே சரியானதுபோல் தோன்றும், கூடவே படம் மங்கும். மங்கியதும் உன் பேரன் பேக்லைட்டை ஏற்றச் சொல்வான். ஏற்றினால் சூடு கூடும், பூச்சு இன்னும் வேகமாகக் கெடும், ஒவ்வொரு எல்இடியின் மேலும் ஒட்டியிருக்கும் லென்ஸ் கழன்று விழுந்து திரையில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தெரியும். வரிசையில் ஓர் எல்இடி கருகினாலே அந்த வரிசை முழுவதும் அணையும்; பல செட்டுகளில் பாதுகாப்புச் சர்க்யூட் பேக்லைட் முழுவதையுமே நிறுத்திவிடும். அன்று மழை நாளில் கண்டன்சரை விட்டுவிட்டு எண்ணைத் திருப்பிய என் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இன்னொன்று. அந்தச் சிவப்பு, பச்சை, நீல எண்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் உன் பேனலின் மேல் அளவுக் கருவியை வைத்துப் பார்த்து எழுதியவை. பக்கத்து வீட்டு டிவியின் எண் உன் டிவிக்கு ஆகாது. ஆகவே வீடியோவில் வேறு ஒருவர் சொல்லும் எண்ணைப் பார்த்துப் போடுவதில் பொருளே இல்லை. அங்கே ரீசெட் என்று ஒரு வரி இருக்கும். பேரனின் விரல் அதன் பக்கம் போகவே கூடாது. சாதாரண மெனுவில் இருக்கும் ரீசெட் வேறு, இது வேறு. அளந்து எழுதிய எண்கள் போய், சில செட்டுகளில் மூன்று நிறத்துக்கும் ஒரே எண் வந்து நிற்கும்; பேனல் எண்ணையே மறந்துவிடும் செட்டும் உண்டு. மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை மின்வாரியத்தில் இருந்தவனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெங்களூரில் மகன் வாங்கியிருக்கும் ஓஎல்இடி டிவி, அசையாத படம் வந்தால் தானாக மங்குகிறது என்றும், சர்வீஸ் ரிமோட்டால் அதை நிறுத்தலாம் என்று அவன் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். நிறுத்த முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் விளக்கு. எரிய எரியத் தேயும். செய்திச் சேனலின் முத்திரையும் கீழே ஓடும் எழுத்துப் பட்டையும் ஒரே இடத்தில் நின்று எரிந்தால் அவற்றின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியும். அதைத் தடுக்கத்தான் அந்த மங்கல். உன் சம்பந்தி நாள் முழுக்கச் செய்தி பார்ப்பவர் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

எல்லா ரகசிய வாசலும் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. லாட்ஜில் இருந்து கழித்த டிவியை மலிவாக வாங்கி வருவார்கள். சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது, மெனு திறக்காது. ஹோட்டல் மோட் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. மியூட், 1, 8, 2, பவர் என்ற சாம்சங் வரிசையும், மெனுவை அழுத்தி 1147 தட்டும் சீனப் போர்டு வழக்கமும் இன்று எந்தக் கடைப் பையனுக்கும் தெரியும். நானும் வாரத்தில் நாலு முறையாவது உள்ளே போகிறேன். போனதும் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறேன். முதலாளி இருந்திருந்தால் இதற்கும் பென்சில் கோடு என்றுதான் பெயர் வைத்திருப்பார்.

பேரன் திறந்து பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஏதாவது மாற்றினானா என்று திட்டாமல் கேள், திட்டினால் மறைத்துவிடுவான். இப்போதைக்குச் சாதாரணப் பட மெனுவில் நிறத்தை ‘வார்ம்’ என்று வைத்து, பேக்லைட்டைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடு. கண்ணுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும், விளக்கும் கொஞ்சம் தாங்கும். டிவியின் முதுகில் இருக்கும் மாடல் எண் சீட்டை மட்டும் படம் பிடித்து அனுப்பு. சென்னை ரிச்சி தெருவில் எல்இடி வரிசை ஒட்டிய பட்டையை, அதாவது ஸ்ட்ரிப்பை, சொல்லி வாங்கிவிடுகிறேன். ஒன்றிரண்டு கெட்டிருந்தாலும் முழுச் செட்டாகத்தான் மாற்ற வேண்டும், கலந்து போட்டால் திரையில் திட்டுத் திட்டாகத் தெரியும். பொங்கலுக்கு மறுநாள் நானே கொண்டு வருகிறேன். பேனல் கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஓரத்தில் நாடாபோல் ஒட்டியிருக்கும் சிஓஎஃப் என்ற மெல்லிய இணைப்பு ஒன்று கிழிந்தாலும் பேனல் போயிற்று. என் பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். உன் கை இப்போது நடுங்குகிறதா, இல்லையா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. நடுங்கினால் மறுபக்கத்தைப் பேரன் பிடிக்கட்டும், நீ டார்ச்சைக் காட்டு.

தங்கைக்கு என் விசாரிப்பு.

என்றும் அன்புள்ள,
உன் பழைய பெஞ்சுத் தோழன்