ஷெல்லி வானம்பாடியை மட்டும் பாடியவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி பற்றிய கட்டுரையைப் படித்தேன். வானம்பாடி, மேகம், மேல்காற்று, 29 வயதில் இத்தாலியக் கடலில் மூழ்கிய படகு, எல்லாம் இருந்தது. பீட்டர்லூ படுகொலை பற்றியும் அதற்காக அவர் எழுதிய பாட்டு பற்றியும் ஒரு வரிகூட இல்லை. மான்செஸ்டரில் 22 ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

1819 ஆகஸ்ட் 16 அன்று இங்கே புனித பீட்டர் திடலில் ஓட்டுரிமை கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடினார்கள். குழந்தை குட்டிகளோடு வந்த கூட்டம். அதற்குள் குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு புகுந்தது. 18 பேர் வரை செத்தார்கள், காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். இதுதான் பீட்டர்லூ. 2019இல் அந்த இடத்துக்குப் பக்கத்தில் வட்ட வட்டமான கல்படிகளாக ஒரு நினைவிடம் கட்டினார்கள். இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். வில்லியம் ஃபில்டெஸ் என்ற பெயரில் என் விரல் ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். இரண்டு வயதுக் குழந்தை. குதிரை இடித்ததில் தாயின் கையிலிருந்து விழுந்து இறந்தது.

செய்தி இத்தாலியில் இருந்த ஷெல்லிக்குக் கிடைக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. கேட்ட கையோடு உட்கார்ந்து 'அராஜகத்தின் முகமூடி' என்ற பாட்டை எழுதினார், 91 பத்திகள். கொலை என்பவன் வழியில் எதிரே வருகிறான், அன்றைய பிரிட்டிஷ் அமைச்சர் காஸல்ரேயின் முகத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டு. பின்னால் ஏழு வேட்டை நாய்கள். அவற்றுக்கு மனித இதயங்களை எடுத்துப் போடுகிறான். அப்புறம் கவிஞர் கேட்கிறார், சுதந்திரம் என்றால் என்ன? உழைப்பவனுக்கு அது ரொட்டி, வீட்டில் விரித்துவைத்த சாப்பாட்டு மேசை, உடுத்தத் துணி, குளிருக்கு நெருப்பு. அடிமைத்தனம் என்றால்? உயிர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் கூலி வாங்கி உழைப்பது. படைவீரர்கள் வெட்ட வந்தால் கைகட்டி, கண் இமைக்காமல் நில்லுங்கள் என்கிறார். 'நீங்கள் பலர், அவர்கள் சிலர்' என்று முடிக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் தொழிலாளிக்கும் புரியட்டும் என்று வேண்டுமென்றே எளிமையாக எழுதிய பாட்டு இது.

ஆனால் அந்தத் தொழிலாளிக்கு அது அப்போது போய்ச் சேரவில்லை. லண்டனில் லீ ஹண்டின் பத்திரிகைக்கு அனுப்பினார். இளவரசரை விமர்சித்ததற்காக ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர் ஹண்ட். அச்சிடத் துணியவில்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடைசியில் 1832இல்தான் வெளியிட்டார். ஷெல்லி இறந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. ஷெல்லியின் 'சென்சி' நாடகத்துக்கும் இதே கதிதான். பெற்ற மகளையே சீரழித்த ரோமாபுரிப் பிரபு, அவனைக் கொல்ல ஏற்பாடு செய்த அந்த மகள் பியாட்ரிஸ், பணத்துக்கு விலைபோன நீதி என்று எழுதினார். லண்டன் கவென்ட் கார்டன் அரங்கம் மறுத்துவிட்டது. 1886இல்தான் மேடை ஏறியது, அதுவும் தனிக் காட்சியாக. இங்கிலாந்தில் பொதுமக்கள் அதைப் பார்க்க 1922 வரை ஆனது.

ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர் நம் பாரதி. அவர் மொழியில் ஷெல்லியைப் பற்றி எழுதும்போது இந்தப் பாதியை விடலாமா?

'அராஜகத்தின் முகமூடி'யில் 12 பத்திகளைத் தமிழாக்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், ரொட்டி வரும் பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலி, மான்செஸ்டர்