மாணவர் வானிலைத் தன்னார்வலர் பணி: ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் பணிவான வணக்கம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் மழைமானி எதற்கு என்று புதிதாக வரும் பெற்றோர் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானது. 20 செ.மீ.யைத் தாண்டினாலே அதி கனமழை. காயல்பட்டினமும் திருச்செந்தூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வித்தியாசமோ 26 செ.மீ. இடையில் எங்கே எவ்வளவு கொட்டியது என்பதை மானி இருந்தால்தான் சொல்ல முடியும். ரேடார் காட்டும் மதிப்பைச் சரிபார்க்கவும், விடுத்த முன்னறிவிப்பு பலித்ததா என்று பார்க்கவும் தரையில் அளந்த எண் வேண்டும். மாணவர்களால் செய்யக்கூடிய முதல் தொண்டு அதுதான்.

இவ்வாண்டு மானிகளைப் பள்ளிகளிலிருந்து மாணவர் வீடுகளுக்கு மாற்றத் தொடங்கினோம். கனமழை என்றதும் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார்கள்; விடத்தான் வேண்டும். ஆனால் எந்த நாளின் அளவு மிகவும் தேவையோ, அன்றுதான் பள்ளி வாசல் பூட்டிக் கிடக்கிறது. வீட்டிலும் இடம் எளிதாக அமைவதில்லை. மானியின் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அருகிலுள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இருமடங்காவது தள்ளியிருக்க வேண்டும். வேப்பமர நிழலில் வைக்க ஆசைப்பட்ட சில வீடுகளை வருத்தத்தோடு விட்டுவிட்டோம்.

பயிற்சி வகுப்பில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மானி வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், 1 செ.மீ. மழைக்கு 200 மி.லி. தண்ணீர் சேரும். 4 லிட்டர் குடுவை 20 செ.மீ.யிலேயே நிரம்பிவிடும். காயல்பட்டினத்தின் 95 செ.மீ.க்கு 19 லிட்டர்! ஆகவே பெருமழை நாளில் காலை 8.30 வரை காத்திராமல் மூன்று மணிக்கொரு முறை அளந்து கொட்டிக் கூட்ட வேண்டும். இடி மின்னலின்போதோ, முற்றத்தில் வெள்ளம் ஏறும்போதோ எவரும் வெளியே போகக்கூடாது. அளவு விடுபட்டால் விடுபடட்டும்.

மாணவர்கள் மழையளவைக் குறித்துவைக்கும் ஏடுகளில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தவை மே மாதப் பக்கங்கள். மழையில்லாத நாளில் பிள்ளைகள் '0.0' என்று எழுதியிருக்கிறார்கள்; ஊருக்குப் போய் அளக்காத நாளில் கோடு போட்டிருக்கிறார்கள். இந்த நேர்மை இல்லாவிட்டால் ஏட்டுக்கு மதிப்பே இல்லை.

கல்லூரி மாணவர்கள் மாலைதோறும் செயற்கைக்கோள் படத்தையும் காற்று வரைபடத்தையும் பார்த்து, மறுநாள் மழையைத் தாமே கணித்து எழுதி, பிறகு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணிப்பு ஏட்டோடு நிற்க வேண்டும், வாட்ஸ்அப்பில் பரப்பக்கூடாது. எச்சரிக்கை விடுப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு.

அமெரிக்காவில் 1997இல் ஃபோர்ட் காலின்ஸ் நகரை வெள்ளம் தாக்கியபோது, ஒரே ஊருக்குள் மழையளவு பெரிதும் வேறுபட்டிருந்தது. அதையொட்டி மறு ஆண்டே தொடங்கிய தன்னார்வ மழை அளவீட்டு வலையமைப்பின் எண்களை அந்நாட்டு வானிலை அலுவலகங்கள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. அங்கே கல்லூரி மாணவர்கள் ஊதியமின்றி வானிலை அலுவலகத்திலேயே பணி பழகவும் வழி உண்டு. நம் மாணவர்களுக்கும் அரசு வானிலை நிலையங்களில் அப்படி வாய்ப்புக் கேட்டு விண்ணப்பிக்க இப்பேரவையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள், மானிகளின் புனல்களைக் கழுவிக் கசிவு பார்த்துவிடுமாறு எல்லா வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்